கணக்குக்கு ஒரு வீணை

கனகம் மிஸ்ஸுக்கு வீணைச் சத்தம் கேட்டால் வயிற்றைப் புரட்டும். பாட்டு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் இதை யாரிடம் போய்ச் சொல்வாள்? காலை நேரத்தில் காந்திபுரத்து ஓட்டல் வாசலில் வீணை இசை ஓடினால், வாயில் ஊறுகிற எச்சிலை விழுங்கிக்கொண்டு நடையை எட்டிப் போடுவாள். பிறவியிலேயே அப்படியில்லை. இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டோடு அவள் ஆசை ஆசையாகக் கற்றது வீணைதான். அதைக் குமட்டலாக்கியது அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம். அதில் பாதியை அவளே தன் கையால் செய்தாள் என்பதுதான் இந்தக் கதையில் இருக்கிற கேவலம்.

மதுக்கரைக்காரி. அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றினார். வீட்டில் எதைத் தொட்டாலும் சிமெண்ட் மாவு ஒட்டும், காயப்போட்ட சேலையை உதறித்தான் மடிப்பார்கள். பத்தாம் வகுப்பில் கனகம் கணக்கில் கோட்டை விட்டாள். மறுபடி எழுதினாள், மறுபடியும் கோட்டை விட்டாள். எப்படியோ தட்டுத்தடுமாறித் தேறி வெளியே வந்தபோது, ஊர்த் திருவிழா நோம்பியில் மைக் பிடித்து அவள் பாடியதைக் கேட்டிருந்த ஒரு புண்ணியவான் இசைக் கல்லூரியில் சேர்த்துவிடச் சொன்னார். கணக்கு வராத பிள்ளைக்குப் பாட்டாவது வரட்டும் என்று அப்பாவும் சேர்த்துவிட்டார். கல்யாணம் ஆனது. வேலுமணி லோடு டெம்போ ஓட்டுகிறார், நல்ல மனிதர், பாட்டு என்றால் என்னவென்று கேட்பார். அதன்பிறகு கணபதிப் பகுதியில் இருக்கிற இந்தப் பள்ளியில் வேலை கிடைத்தது. மதுக்கரையிலிருந்து காந்திபுரம், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறாள்.

பள்ளியில் அவளுக்குக் கொடுத்த அறை கழிவறையை ஒட்டியது. பழைய விடைத்தாள் கட்டுகள், உடைந்த பெஞ்சுகள், நடுவில் ஓர் ஆர்மோனியம். ஆர்மோனியத்தைத் திறப்பதற்கு முன் எலிப் புழுக்கையை ஊதித் தள்ள வேண்டும். பினாயில் நாற்றத்திலும் மூத்திர நாற்றத்திலும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ச-ப-ச பாடுகிற பிள்ளைகளைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருக்கும், பிள்ளைகள்மேல் இல்லை, தன் பிழைப்பின்மேல்.

அந்தப் பிழைப்பும் முழுசாகக் கிடைத்ததில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் பாட்டு என்று டைம்டேபிளில் போட்டிருக்கும். மணி அடிப்பதற்குள் கணக்கு வாத்தியார் சாமுவேல் வந்து வாசலில் நிற்பார்.

"மிஸ், தப்பா நெனச்சுக்காதீங்க. போர்ஷன் அப்படியே கெடக்குதுங்க. இந்தப் பீரியட மட்டும் குடுத்துப்போடுங்க. பாட்டெல்லாம் டென்த் முடிச்சுட்டுப் பாத்துக்கலாமுங்க."

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அவர் இதையேதான் சொல்வார். சாமுவேல் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே இருந்து நெருக்குகிறார்கள். ஆனாலும் 'டென்த் முடிச்சுட்டு' என்ற வார்த்தையைக் கேட்டால் கனகத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். டென்த் முடித்துவிட்டு எந்தப் பிள்ளை ஆர்மோனியத்தைத் தேடி வந்தது? ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

கிடைத்த கொஞ்சநஞ்ச நேரத்தில்தான் கயல்விழியைக் கண்டுபிடித்தாள். ஒன்பதாம் வகுப்புப் பெண். அம்மா பொற்கொடிக்குக் கிரைண்டர் பட்டறையில் வேலை. நாள் முழுக்கக் கல்லையும் அட்டைப் பெட்டியையும் தூக்கி, அந்தக் கையாலேயே மகளை இங்கிலீஷ் ஸ்கூலில் படிக்கவைக்கிறவள். கயல்விழிக்கு மற்ற பாடங்கள் ஒப்பேறிவிடும், கணக்குதான் காலை வாரும். ஆனால் வாயைத் திறந்து பாடினால் பக்கத்துக் கழிவறையில் குழாயைத் திறந்தவர்கள் மூடிவிட்டு நிற்பார்கள். ஒரு தடவை கேட்டதை அப்படியே பாடுவாள். தப்பாகப் பாடினால் யாரும் சொல்லாமல் தானே நிறுத்தி, மூக்கைச் சுருக்கி, திருத்திக்கொண்டு மேலே போவாள். அந்த மூக்குச் சுருக்கலுக்காகவே இத்தனை வருடம் இரண்டு பஸ் மாறி வந்தது வீண்போகவில்லை என்று கனகம் நினைத்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் கரஸ்பாண்டென்ட் ராமுலு ஈரோட்டில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்தார்.

ராமுலுவின் தாத்தா பருத்தி விவசாயம் பார்த்தார், அப்பா நூல் மில் வைத்திருந்தார். மில் நொடித்தபிறகு இவர் அதே இடத்தில் பள்ளிக்கூடம் போட்டார். மில்லில் நல்ல பஞ்சையும் கழிவுப் பஞ்சையும் பிரிக்கிற பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போதும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்.

"ஏனுங்க டீச்சர், இத்தன நாளா எங்ககிட்ட ஏன் சொல்லல நீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "பாட்டுப் படிச்சா மூளை வளருதாமுங்க. மார்க் ஏறுதாமுங்க. படம் போட்டே காட்டிப்போட்டாங்க. இனி வாரம் மூணு பீரியட் உங்களுக்கு. யாரும் கேக்க மாட்டாங்க."

கனகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பைத்தியக்காரி, அன்றைக்குச் சந்தோஷத்தில் வேலுமணிக்கு மைசூர்பா வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாளே ராமுலு 'பாட்டுக் குழு' என்று ஒன்றை அமைத்தார். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ரேங்க் எடுக்கிற பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்த்தார். நல்ல பொருளை நல்ல பாத்திரத்தில்தான் ஊற்ற வேண்டுமாம். கயல்விழி பேரைக் கனகம் சொன்னாள். அவர் கணினியில் மார்க்கைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "மொதல்ல படிக்கட்டுங்க பாப்பா. அப்பறமேல்ட்டுப் பாடிக்கலாம்" என்றார்.

ஆக, பாட வேண்டியவள் வகுப்பில் உட்கார்ந்து கணக்கில் விழித்தாள். கணக்குப் புலிகளெல்லாம் கனகத்தின் முன் உட்கார்ந்து தாளம் தப்பி அறைந்தன. அதில் ஹாரிகா என்ற பெண்ணுக்கு ஸ்ருதி எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது. பாவம், அவளே வந்து, "மிஸ், நான் வாயை மட்டும் அசைச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டாள். நல்ல பெண், அவளுக்குத் தெரிந்த உண்மைகூட ராமுலுவுக்குத் தெரியவில்லை.

இதோடு விட்டாரா? ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு ஸ்பீக்கர் மாட்டினார். பரீட்சை எழுதும்போதும் ஸ்டடி ஹவரிலும் வீணை ஓடும். ஒரே பதிவு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நடுவில் ஓரிடத்தில் தந்தி ஒன்று லேசாகப் பிசகும், அந்தப் பிசகும் ஒவ்வொரு சுற்றுக்கும் தவறாமல் வரும். வாரம் போகப்போக, வீணை தொடங்கியதும் சின்னப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடின. ஒரு பையன் விடைத்தாள்மேலேயே வாந்தி எடுத்தான். ஆயா மண் அள்ளிப் போட்டுக் கூட்டினாள். மேலே வீணை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கனகம் அந்த ஈர மண்ணையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் படித்த படிப்பு இங்கே வந்தா விழ வேண்டும் என்று நினைத்தாள்.

அரையாண்டு முடிந்ததும் ஆண்டு விழா. ராமுலு மைக்கைப் பிடித்தார். பாட்டுக் குழுப் பிள்ளைகள் ஒருவர்விடாமல் தொண்ணூறுக்கு மேல் என்றும், இது இசையின் மகிமை என்றும் சொன்னார். முன்வரிசைப் பெற்றோர் கைதட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் போன வருடமும் தொண்ணூறு, அதற்கு முந்தின வருடமும் தொண்ணூறு. பக்கத்தில் நின்ற சாமுவேலிடம் கனகம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"மார்க் எடுக்கற பிள்ளைங்களாப் பொறுக்கிப் பாட்டுல போட்டுப்போட்டு, பாட்டாலதான் மார்க் வந்துச்சுங்கறாரே சார். கூசவே கூசாதுங்களா?"

"மெதுவாப் பேசுங்க மிஸ்," என்றார் சாமுவேல். "உங்களுக்குப் பீரியட் கெடைக்குதில்லீங்க. உடுங்க."

அது பிப்ரவரி மாதம். அந்தப் பள்ளியில் பிப்ரவரி என்றால் கழிவுப் பஞ்சு ஒதுக்குகிற மாதம். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஒவ்வொரு வருடமும் பிளக்ஸ் வைக்கிறார்களே, அதன் சூட்சுமம் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது. பத்தாவதில் விழுந்துவிடுவார்கள் என்று சந்தேகப்படுகிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிடுவார்கள். விழுகிறவன் இல்லாத இடத்தில் எவன் விழுவான்?

பொற்கொடியையும் கூப்பிட்டார்கள். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், கையில் அட்டைப்பெட்டித் தூசி. கனகம் ஏதோ பதிவேட்டில் கையெழுத்துப் போட ராமுலுவின் அறைக்குப் போனவள், கதவோரத்தில் நின்று கேட்டாள்.

"ஏனுங்கம்மா, நம்ம ஸ்கூலு பாப்பாவுக்குக் கொஞ்சம் பாரமாத் தெரியுதுங்க," என்றார் ராமுலு. "கணக்குல இருபதத் தாண்ட மாட்டீங்குது. மனசு உட்றாதீங்க. வேற பக்கம் சேத்திக்கங்க, நல்லா வரும்."

"நல்லாப் பாடுவாளுங்க சார்," என்றாள் பொற்கொடி. அவளுக்குச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

"அது சரிங்க," என்றார் அவர். டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்.

வெளியே வந்த பொற்கொடி கனகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற ஸ்கூலெல்லாம் இல்லீங்க மிஸ். இங்கயும் வேண்டாமுன்னுட்டாங்கன்னா, படிச்சது போதும், பட்டறைக்குக் கூட்டிட்டு வந்துருன்னு அவங்கப்பா சொல்லிப்போட்டாரு. அவரு சொன்னாச் சொன்னதுதானுங்க. எப்படியாச்சும் நீங்க சொல்லிப் பாருங்க."

கனகம் திரும்பி ராமுலுவின் அறைக்குள் போனாள்.

"மேடையில சொன்னீங்களேங்க சார், பாட்டு மார்க்க ஏத்தும்னு. யாருக்கு ஏறோணுமுங்க? ஏற்கனவே மேல உக்காந்திருக்கற பிள்ளைகளுக்கா? கயல்விழிய எங்கிட்ட உடுங்க. மூணு பீரியடும் எங்கூட இருக்கட்டும். முழுப் பரீட்சையில பாஸானாப் பத்தாவதுல வெச்சுக்கங்க."

ராமுலு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணுக்குள் ஒரு பிளக்ஸ் விரிவது கனகத்துக்கே தெரிந்தது. "பெயிலாற பாப்பாவப் பாட்டு பாஸ் பண்ண வெச்சுதுன்னா அது பெரிய விசயமுங்களே," என்றார். "சரிங்க டீச்சர். பாஸாகலீன்னா நான் சொன்னது சொன்னதுதானுங்க."

ஆண்டு விழா முடிந்ததுமே பாட்டுக் குழுப் பிள்ளைகளைப் பரீட்சைக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை கயல்விழி மட்டும் பாட்டு அறைக்கு வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. ஆர்மோனியத்தின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேட்காமலேயே பாடத் தொடங்கினாள். கனகம் கேட்டாள். ஆனால் காது பாட்டில் நிற்கவில்லை. பரீட்சைக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று மனசு ஓடியது. பாட்டு மார்க்கை ஏற்றும் என்று அங்கே போய்ச் சவால் விட்டுவிட்டு வந்தாளே, அதை அவள் எள்ளளவும் நம்பவில்லை. பாடப் பாட இருபது முப்பத்தைந்தாகுமா? கயல்விழி தப்பிய இடத்தில் நிறுத்தி மூக்கைச் சுருக்கினாள். கனகம் ஆர்மோனியத்தை மூடினாள்.

"கண்ணு, கணக்கு புஸ்தகத்த எடு."

"மிஸ்?"

"பரீட்ச முடியட்டும் சாமி. அப்பறம் நாள் பூராவும் பாடலாம்."

பாட்டு அறையிலிருந்து பாட்டு வராவிட்டால் வராந்தாவில் போகிறவர்களுக்குச் சந்தேகம் வரும். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். ஸ்பீக்கரில் ஓடுகிற அதே வீணைப் பதிவைத் தன் போனில் ஏற்றி, கதவோரம் ஒரு பெஞ்சின்மேல் வைத்து ஓடவிட்டாள். வெளியே வீணை, உள்ளே காரணிப்படுத்தல். ராமுலு இரண்டொரு தடவை அந்தப் பக்கம் வந்து, கதவுக்கு வெளியே நின்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கனகத்துக்கே வராத கணக்கு அது. பஸ்ஸில் போகும்போது இயர்போனை மாட்டிக்கொண்டு கணக்கு வீடியோ பார்த்தாள். தெரிந்த கண்டக்டர், "பாட்டுங்களா மிஸ்?" என்று கேட்பார். ஆமாம் என்பாள். புரிந்த வரைக்கும் மறுநாள் கயல்விழிக்குச் சொல்லிக்கொடுப்பாள், புரியாததைச் சாமுவேலிடம் சுற்றிவளைத்துக் கேட்பாள். அவர் கண்டுகொண்டாரோ என்னவோ, கேட்டதற்கெல்லாம் விளக்கிச் சொன்னார். யாரும் இதுவரை பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லித்தந்ததில்லை என்பதால் கயல்விழிக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஆரம்பத்தில் ஒவ்வொரு நாளும் ஆர்மோனியத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் கணக்குதானுங்களா மிஸ்?" என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் கணக்கு தப்பியபோது மூக்கைச் சுருக்கி, அழித்து, திருத்தினாள். பாட்டுக்குச் சுருக்கிய அதே மூக்கு. கனகத்துக்கு அதைப் பார்த்ததும் என்னவோ போலிருந்தது, ஆனால் விடை சரியாக வந்திருந்தது.

வீணை மட்டும் நிற்கவேயில்லை. கதவோரத்தில் அந்தப் பிசகிய தந்தி ஒவ்வொரு சுற்றிலும் வரும்போது கனகத்துக்கு அடிவயிற்றிலிருந்து எழும்பும். இந்தப் பொய்யை ஸ்பீக்கரில் போட்டவன் ராமுலு. அதே பொய்யைப் போனில் போட்டு வாசலில் வைத்தவள் யார்? தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போவாள்.

கயல்விழி கணக்கில் ஐம்பத்திரண்டு எடுத்தாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது சத்தி ரோட்டில் பிளக்ஸ் நின்றது. ஒரு பக்கம் கயல்விழியின் படம், மறுபக்கம் வீணைப் படம், நடுவில் பத்தொன்பதிலிருந்து ஐம்பத்திரண்டுக்கு ஓர் அம்புக்குறி. கீழே, இசை தந்த வெற்றி. அந்தப் பெண் கையால் வீணையைத் தொட்டதுகூடக் கிடையாது. பொற்கொடி அந்தப் பிளக்ஸின் அடியில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். அதைக் கனகத்துக்கு அனுப்பியும் வைத்தாள்.

புதுப் பெற்றோர் கூட்டத்தில் கயல்விழியை மேடைக்கு அழைத்து நிறுத்தினார்கள். ராமுலு மார்க்கை இரண்டு தடவை வாசித்தார். பிறகு கனகத்தை மேலே கூப்பிட்டு மைக்கை நீட்டினார்.

"டீச்சர், எல்லாரும் கேக்கறாங்க. எந்த ராகமுங்க அது?"

கூட்டம் முழுக்கச் செல்போனைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. உண்மையைச் சொன்னால் பத்தாம் வகுப்பு வாசலிலேயே கயல்விழியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கனகம் மைக்கை வாங்கினாள்.

"மோகனமுங்க," என்றாள்.

கைதட்டல் அடங்க நேரமானது. பெற்றோர் அந்தப் பேரைக் குறித்துக்கொண்டார்கள். கயல்விழி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டுப் பாடு கண்ணு என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கனகத்துக்கு மாடியில் புது அறை கிடைத்தது. கழிவறை நாற்றம் இல்லை, புது ஆர்மோனியம், தரையில் விரிப்பு. பத்தாம் வகுப்பில் கயல்விழிக்கு முதல் பாட்டுப் பீரியட் அன்று அவள் சீக்கிரமே போய் ஜன்னல்களைத் திறந்துவைத்தாள். கதவோரம் போன் வைக்கவில்லை. ஆர்மோனியத்தைத் திறந்து ஸ்ருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இந்த ஒரு நாளுக்காகத்தான் எல்லா அசிங்கத்தையும் விழுங்கினோம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கயல்விழி வந்தாள். உட்கார்ந்தாள். பையிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தாள்.

"அத மூடி வை அம்மணி. இன்னைக்குப் பாடலாம். நாந்தான் சொன்னேனில்ல."

கயல்விழி ஆர்மோனியத்தைப் பார்த்தாள். வருத்தமோ ஆசையோ அந்த முகத்தில் இல்லை. பெரியவர்கள் சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்.

"போர்ஷன் கெடக்குதுங்க மிஸ். பாட்டெல்லாம் டென்த் முடிச்சுட்டுப் பாத்துக்கலாமுங்க."

கயல்விழி பென்சிலைச் சீவிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தாள், எதையோ காணாததுபோல.

"அந்த வீணைய மட்டும் போட்டு உடுங்க மிஸ். அது ஓடுனாத்தான் எனக்குக் கணக்கு வருது."

கனகம் போனை எடுத்தாள். வாய் முழுக்க எச்சில் ஊறியது. வீணையை ஓடவிட்டு, கதவோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கயல்விழி முதல் கணக்கைப் போடத் தொடங்கியிருந்தாள்.